பொன்முடி ஏறும் பழைய ஜீப்புகள்

இந்தியாவில் ஜீப் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது மஹிந்திரா. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலை, ரப்பர், ஏலத் தோட்டங்களில் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்றவை இந்த வண்டிகளே.

கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டி லிவர்கள் இருக்கும். ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும். மற்றது லோ கியரில் போடும். செங்குத்தான சேற்றுப் பாதையில் வண்டி ஊர்ந்தாவது ஏறிவிடும் ரகசியம் இதுதான். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் பலர் டீசல் என்ஜினை மாற்றிப் பூட்டினர். பழைய ஜீப்பைப் புதுப்பிக்கும் பட்டறைத் தொழிலுக்கு அது நல்ல பயிற்சி. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி, ஜீப்புக்கு எடை குறைந்த போட்டியாளர்.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வண்டிகள் உல்லாசப் பயணத்துக்கு மாறின. திருவனந்தபுரத்துக்காரர்களுக்குப் பக்கத்து மலை பொன்முடி: 22 கொண்டை ஊசி வளைவுகள். தார்ச்சாலை என்பதால் அதற்கு நான்கு சக்கர விசை தேவையே இல்லை என்பது வேறு விஷயம். பழைய ஜீப் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, சேஸிஸை. கேரளத்து மழையில் துரு அடியிலிருந்துதான் ஏறும். கூடாரமடிக்கப் போகிறவர்கள் பெரிய டயர், வின்ச், கூரைக் கேரியர் என்று சேர்ப்பார்கள்.

இப்படி வண்டியை மாற்றுவதில் சட்டம் குறுக்கிட்டதும் கேரள வழக்கில்தான். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஆர்டிஓ அனுமதியோடு என்ஜினை மாற்றலாம். காட்டுக்குள் தங்க வனத்துறை அனுமதி வேண்டும்.