லெக்சஸ் ஆர்எக்ஸ்

டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸ் தயாரிக்கும் கிராஸ்ஓவர் எஸ்யூவி. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா ஹாரியர் என்ற பெயரில் அறிமுகமாகி, 1998இல் ஆர்எக்ஸ் 300 ஆக அமெரிக்கா சென்றது. அக்கால எஸ்யூவிகள் பலவும் லாரியைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை, குலுக்கலுக்குக் குறைவில்லை. ஆர்எக்ஸோ கேம்ரி காரின் அடித்தளத்தில் உருவானது. உயரமான இருக்கை, கார் போன்ற ஓட்டம், 3.0 லிட்டர் வி6 எஞ்சின். கியர் நெம்புகோல்கூடத் தரையில் இல்லாமல் டாஷ்போர்டின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

2003இல் வந்த இரண்டாம் தலைமுறையே முக்கியத் திருப்பம். கனடாவின் கேம்பிரிட்ஜ் ஆலையில் தயாரானதால், ஜப்பானுக்கு வெளியே உருவான முதல் லெக்சஸ் இதுதான். 2005இல் ஆர்எக்ஸ் 400எச் என்ற ஹைப்ரிட் வடிவமும் சேர்ந்தது. மூன்றாம் தலைமுறை (2008) பெரும்பாலும் மெருகேற்றல்தான்; ஹாரியர் அப்போது தனிவழி போனது. நான்காவது (2015) கூரிய மடிப்புகளும் அகன்ற முன்கிரில்லுமாக வந்தது. அந்த முகத்தை எல்லோரும் ரசித்தார்கள் எனச் சொல்ல முடியாது. 2017இல் லெக்சஸ் இந்தியாவில் கால்பதித்தபோது கொண்டுவந்த வண்டிகளில் ஆர்எக்ஸ் 450எச்சும் ஒன்று. 2022இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறையில் வி6 விடைபெற்றது. டர்போ, ஹைப்ரிட், பிளக்-இன் ஹைப்ரிட் வகைகள் அதன் இடத்தைப் பிடித்தன.