தின்ற சோறு யாருடைய சோறு?



சோறு போட்டவனுக்கு உயிரைக் கொடுப்பதே விசுவாசம் என்று கும்பகருணனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார் எதிரணி நண்பர். எங்க கண்ணும் கலங்கிப் போச்சு. ஆனால் ஒன்று கேட்கிறேன். கும்பகருணன் தின்றது அண்ணன் சோறு. அரசாங்க உத்தியோகஸ்தன் தின்பது யார் சோறு? மந்திரி வீட்டுச் சோறா? வரி கட்டுகிற மக்கள் சோறு! அப்போ செஞ்சோற்றுக் கடனை யாருக்குத் தீர்க்கணும்? (கைதட்டல்)

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாக வைத்தவர் டேனியல் எல்ஸ்பெர்க். 1931-இல் சிகாகோவில் பிறந்தவர். ஹார்வர்டில் டாக்டர் பட்டம். மரைன் படையில் அதிகாரி. 1964-இல் பென்டகனில் உயர் பதவி. கொடி பிடித்துக் கோஷம் போட்டவர் இல்லை அய்யா. போரைத் திட்டம் போட்ட மேசையிலே உட்கார்ந்தவர்!

1965-இலிருந்து இரண்டு வருஷம் வியட்நாமில் இருந்தார். சிப்பாய்களோடு ரோந்து போனார். அங்கே கண்ணால் பார்த்தது ஒன்று. வாஷிங்டனில் மக்களுக்குச் சொன்னது வேறொன்று.

1967-இல் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா இந்தப் போரின் வரலாற்றை ரகசியமாக எழுதச் சொன்னார். 47 தொகுதி, 7,000 பக்கம். எழுதியவர்களில் எல்ஸ்பெர்க்கும் ஒருவர். படித்துப் பார்த்தால், ட்ரூமன், ஐசனோவர், கென்னடி, ஜான்சன் என்று நாலு ஜனாதிபதிகள் காலத்திலும் மக்களிடம் மறைப்பு! போரை விரிவாக்க மாட்டேன் என்று 1964-இல் ஜான்சன் ஓட்டுக் கேட்டார். உள்ளே குண்டு வீசத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது.

1968-இல் பிரின்ஸ்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில், காந்திய நெறியில் ஊறிய ஓர் இந்தியப் பெண்ணைச் சந்தித்தார். யாரையும் பகைவனாக நினைக்காத சிந்தனை அவரை உலுக்கியது. 1969 ஆகஸ்டில், ஹாவர்ஃபோர்டு கூட்டத்திலே ஓர் இளைஞர், போருக்குப் போக மறுத்துச் சந்தோஷமாகச் சிறைக்குப் போகப்போவதாகப் பேசினார். எல்ஸ்பெர்க் எழுந்துபோய்க் கழிப்பறைத் தரையிலே உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அழுதார். சிறைக்குப் போகத் தயாரானால் நான் என்ன செய்யலாம் என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

அக்டோபரில், நண்பர் அந்தோணி ருஸ்ஸோவோடு ராத்திரி ராத்திரியாக ஜெராக்ஸ் எடுத்தார். 13 வயது மகனும் கூட நின்றான். 10 வயது மகள் 'அதி ரகசியம்' என்ற முத்திரையைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். நம்ம வீட்டுப் பிள்ளைகள் காகிதத்தை வெட்டினால் நாம அடிப்போம்! (சிரிப்பு) அந்தப் பிள்ளை வெட்டியது பொய்யின் பூட்டை.

"ரகசியத்தை வெளியே விட்டால் நாடு என்னாவது?" என்பார்கள். எல்ஸ்பெர்க் எடுத்த எடுப்பிலே பத்திரிகைக்கு ஓடவில்லை. முதலில் செனட்டர்களிடம் போனார். அவர்கள் வெளியிடவில்லை. பத்திரிகைக்குக் கொடுத்தபோதும், சமாதானப் பேச்சு பற்றிய 4 தொகுதிகளைக் கொடுக்கவில்லை. 1971 ஜூன் 13-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அரசு தடை கேட்டது. ஜூன் 30-இல் சுப்ரீம் கோர்ட் ஆறுக்கு மூன்று என்று பத்திரிகை பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவரோ தானே போய்ச் சரணடைந்தார். குற்றச்சாட்டுகள் நிரூபணமானால் 115 வருஷம் சிறை!

வெள்ளை மாளிகை என்ன செய்தது? அவருக்கு மனநல சிகிச்சை செய்த டாக்டரின் அலுவலகத்தில் ஆள் வைத்துப் பூட்டை உடைத்தது. அது அம்பலமானதும், அரசின் முறைகேடுகளைக் காட்டி 1973 மே 11-இல் நீதிபதி வழக்கையே தள்ளினார். திருடன் என்று யாரைச் சொன்னார்களோ அவர் விடுதலை. சொன்னவர்கள் கையில் கடப்பாரை! (கைதட்டல்)

பிறகு அவர் ஓய்ந்து உட்காரவில்லை. அணு ஆயுதத்தை எதிர்த்து மறியல். பல பத்து முறை கைது. 1961-இல் அரசின் அணுப்போர்த் திட்டத்தில் அவர் ஒரு கணக்கைப் பார்த்திருந்தார். சாகப்போகிறவர்கள் சுமார் 60 கோடி! கடைசி வரை அந்த எண் அவரைத் தூங்க விடவில்லை. 2017-இல் அதையும் புத்தகமாக எழுதினார். 2023 ஜூன் 16-இல், 92 வயதில் மறைந்தார்.

அவருக்கும் ஒரு வருத்தம் உண்டு. 1964-லேயே இதைச் சொல்லியிருக்கணும் என்பதுதான் அது. அந்தப் போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். வியட்நாம் மக்கள் பல லட்சம். தாமதமாகச் சொன்ன உண்மைக்கு எத்தனை தாய்மார்கள் விலை கொடுத்தார்கள் பாருங்கள்!

ஆகவே நடுவர் அவர்களே, கும்பகருணன் அண்ணனுக்காகச் செத்தான், இலங்கை பிழைக்கவில்லை. அரசுக்குக் கட்டுப்படுவது உத்தியோகம். மக்களுக்கு உண்மை சொல்வதே நாட்டு விசுவாசம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.