மூக்குப்பொடிச் சந்தில் பிறந்த வண்டிகள்

புனே புத்வார் பேட்டையில் தப்கீர் கல்லி என்றொரு சந்து. தப்கீர் என்றால் மராத்தியில் மூக்குப்பொடி. 1986-ல் அம்பாசமுத்திரத்திலிருந்து எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்த நான் அங்கே தேடிப் போனது மோட்டாரும் ரிலேயும் ஈயக்கம்பியும்தான். "காய் பாஹிஜே?" (என்ன வேண்டும்?) என்று கடைக்காரர் கேட்பார், எழுதிவந்த சீட்டை நீட்டுவேன்.

அந்தக் காலத்தில் தானாக ஓடும் வண்டி வேண்டுமென்றால் ஒவ்வொரு உறுப்பாகத் தேடிச் சேர்க்க வேண்டும். டேப்ரிக்கார்டரிலிருந்து கழற்றிய மோட்டார், டிபன் டப்பா மூடி, மருந்து பாட்டில் மூடிகளே சக்கரம். மோட்டார் வெறிபிடித்ததுபோல் சுற்றும். வண்டியை இழுக்க அதற்குத் தெம்பிருக்காது. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டப் பற்சக்கரம் வேண்டும். அதற்காகவே ஒரு பழைய அலாரம் கடிகாரத்தைப் பிரித்தேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1948-49 வாக்கில் கிரே வால்டர் என்ற மூளை ஆய்வாளர், வெளிச்சத்தைத் தேடிப்போகும் இயந்திர ஆமைகளைச் செய்தபோது அவரும் பழைய கடிகாரப் பற்சக்கரங்களைத்தான் போட்டாராம். இதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

புனேப் பிள்ளைகளின் கையில் மோட்டாரைக் கொடுத்தவர் என்று நான் மதிப்பது அரவிந்த் குப்தாவை. ஐஐடியில் படித்து, டெல்கோவின் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்யப் போனவர். பிறகு புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள அயூகா என்ற வானியல் ஆய்வு மையத்தின் குழந்தைகள் அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் இருந்தார். ஒரு பேட்டரி செல், இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள்: அவர் சொல்லித்தரும் மோட்டார் அவ்வளவுதான். கம்பி முனையில் எனாமலை மூன்று பக்கம் சுரண்டி ஒரு பக்கம் விட்டுவிட வேண்டும். நான்கு பக்கமும் சுரண்டிவிட்டால் சுருள் திணறி நின்றுவிடும்.

2008-ல் மாணவர்கள் செய்த ரோபோக்கள் மோதும் ஆசிய-பசிபிக் ரோபோகான் போட்டி புனே பாலேவாடி விளையாட்டரங்கில் நடந்தது. கருப்பொருள் 'கோவிந்தா'. உறி ஏறி வெண்ணெய் எடுக்கும் கண்ணன் கதை! தஹி ஹண்டி என்ற உறியடிக்குத் தெருவில் கோபுரமாக ஏறி நிற்கும் பையன்களைப் பார்த்துப் பழகிய ஊரில், பல நாட்டு மாணவர்களின் இயந்திரங்கள் பானைக்குக் கை நீட்டின. கோப்பையைச் சீனாவின் சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் கொண்டுபோனது. தரையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத் தானே வளைந்த ஒரு வண்டிமேல் வைத்த கண்ணை என் மகள் எடுக்கவில்லை.

இத்தாலியின் இவ்ரியாவில் 2005-ல் பிறந்த ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் பலகை மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் வண்டிக்கு வேண்டிய எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டது. போன மாதம் அப்படி ஒரு பெட்டி பேரனுக்கு வந்தது. அக்ரிலிக் தகட்டின் பழுப்புக் காகிதத்தை நகத்தால் உரிப்பதற்கே அரை மணி நேரம். மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு. பற்சக்கரம் உள்ளேயே இருக்கிறது, மோட்டார் 48 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டதும் வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"ஏன் தாத்தா சுத்திக்கிட்டே இருக்கு?"

எதிரெதிராக மாட்டிய இரண்டு மோட்டாரில் ஒன்றுக்குக் கம்பியை மாற்றிக் கொடுக்க வேண்டும். அவனையே மாற்றச் சொன்னேன். நேராக ஓடியது, ஆனால் சோர்ந்து ஓடியது. நான்கு செல்லின் 6 வோல்ட்டில் மோட்டாரை இயக்கும் எல்298 டிரைவர் சில்லே 2 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். இதைப் பெட்டியிலிருந்த தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இன்னும் இரண்டு செல் சேர்க்கும்போது மோட்டாரின் மெல்லிய செம்புக் காது முறிந்தது. பெட்டியில் மாற்று மோட்டார் இல்லை. மறுநாள் அவனைத் தப்கீர் கல்லிக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் புது மோட்டாரை எடுத்து, 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு கம்பியைத் தொட்டு, இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை சுற்றிக்காட்டி, அவன் கையில் கொடுத்தார்.