“என் பெயர் என்ன?”

1967 பெப்ரவரி 6. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஆஸ்ட்ரோடோம் அரங்கில் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் போட்டி. ஒரு மூலையில் முகம்மது அலி, மறு மூலையில் எர்னி டெரல். போட்டிக்கு முந்தைய நாட்களில் டெரல் அலியைக் ‘கிளே’ என்றே சொல்லி வந்தார். அது அலி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்ட பெயர்.

அன்று இரவு அலி குத்திக்கொண்டே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: “என் பெயர் என்ன?” 15 சுற்றுகள் முடிந்தபோது டெரலின் முகம் வீங்கிப் போயிருந்தது. வெற்றி அலிக்கு என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது.

அலி என்றதும் எல்லோரும் அவருடைய வேகத்தையும் வாய்த்துடுக்கையும்தான் சொல்வார்கள். நான் சொல்லப்போவது அவருடைய பெயரின் கதை. வகுப்பில் பெயர் வாசிக்கும்போது ஆசிரியர் ஒரு நொடி தயங்கினாலே, அடுத்தது நம் பெயர்தான் என்று நமக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நமக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அலி 1942 ஜனவரி 17 அன்று கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் கேசியஸ் மார்செலஸ் கிளே. அப்பாவுக்கும் அதே பெயர்தான். அவர் விளம்பரப் பலகைகள் எழுதுகிறவர். முதலில் அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் கெண்டக்கியில் வாழ்ந்த ஒரு வெள்ளைக்காரருடையது. வேடிக்கை என்னவென்றால், அவர் அடிமை முறையை எதிர்த்தவர், அதற்காகவே பத்திரிகை நடத்தியவர். ஆக, அது ஒரு கொடியவனின் பெயர் அல்ல.

பிறகு ஏன் அலி அதை வேண்டாம் என்றார்?

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட மக்களின் பெயர்களும் அமெரிக்காவில் பறிக்கப்பட்டன. பலருடைய குடும்பப் பெயர், அவர்களை விலைக்கு வாங்கியவனின் குடும்பப் பெயராக இருந்தது. பூட்டனும் பூட்டியும் எந்த ஊர், என்ன மொழி பேசினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மால்கம் எக்ஸ் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ‘எக்ஸ்’, அப்படித் தொலைந்துபோன பெயருக்கான அடையாளம்தான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இளைஞர், 1964 பெப்ரவரி 25 அன்று மயாமி பீச்சில் சன்னி லிஸ்டனைத் தோற்கடித்து 22 வயதில் உலக சாம்பியன் ஆனார். அடுத்த நாளே, தான் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ என்ற கறுப்பின மக்களின் அமைப்பைச் சேர்ந்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். மார்ச் மாதம் அதன் தலைவர் எலைஜா முகம்மது அவருக்குப் புதிய பெயரை அறிவித்தார்: முகம்மது அலி.

பத்திரிகைகள் கேட்கவில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ உட்படப் பல பெரிய பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் கிளே என்றே எழுதின. அதற்கு முன்னால் வாக்கர் ஸ்மித் என்ற குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன் ஆனபோது யாருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை. மரியன் மோரிசன் என்ற நடிகர் ஜான் வெய்ன் ஆனபோதும் அப்படித்தான். அவை தொழிலுக்காக வந்த பெயர்கள். அலியின் பெயரோ ஒரு கறுப்பின இளைஞர் தன் மதத்தையும் மனதையும் தானே தீர்மானித்துக்கொண்டார் என்று சொன்னது. பலருக்கு உறுத்தியது அதுதான்.

டெரலுடனான போட்டி நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1967 ஏப்ரல் 28 அன்று அதே ஹூஸ்டனில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் இடத்துக்கு அலி அழைக்கப்பட்டார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பெயரைக் கூப்பிட்டதும் ஓரடி முன்னால் வர வேண்டும். அவர் அசையவில்லை. இந்தப் போரில் சேரத் தன் மதம் இடம் தராது என்பது அவர் சொன்ன காரணம்.

விலை பெரியது. பட்டம் போனது, உரிமம் போனது. 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் ஒரு குத்துச்சண்டை வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் வயதில், மூன்றரை ஆண்டுகள் அவரால் மேடை ஏற முடியவில்லை. 1970 அக்டோபரில்தான் மறுபடி வந்தார். 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 1974இல் ஸையர் நாட்டின் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திப் பட்டத்தைத் திரும்பப் பெற்றார்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் ஜோ ஃபிரேசியரை விட்டுவிட்டு அலியின் கதையைச் சொல்வது நியாயமில்லை.

ஃபிரேசியர் தென் கரோலினாவில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அலி போட்டியிட முடியாமல் இருந்த நாட்களில், அவருக்கு உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று பேசியவர், பணமும் கொடுத்து உதவியவர். அதே ஃபிரேசியரை, டிக்கெட் விற்பதற்காக, வெள்ளைக்காரருக்கு வால்பிடிப்பவர் என்று அலி ஏசினார். 1975இல் மணிலா போட்டிக்கு முன் அவரைக் கொரில்லா என்று அழைத்து, பொம்மைக் கொரில்லாவை வைத்துக்கொண்டு ஊடகங்கள் முன் கேலி செய்தார். கறுப்பின மக்களைக் குரங்கு என்று இழிவுபடுத்துவது இனவெறியர்களின் பழைய வழக்கம். அந்த வார்த்தை கறுப்பின வீரர் ஒருவரின் வாயிலிருந்தே வந்தது. ஃபிரேசியர் அந்தக் காயத்தை நீண்ட காலம் சுமந்தார். பதிலுக்கு அவரும் அலியைக் கிளே என்றே சொல்லி வந்தார். 2001இல்தான் அலி வருத்தம் தெரிவித்தார்.

தன் பெயருக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்த ஒருவர், இன்னொருவரின் மனிதப் பெயரைப் பறித்தார். இரண்டும் உண்மை. அவரைப் பெரிய மனிதர் என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் கதை வேறு. நம்மில் பெரும்பாலானோரின் பெயரை யாரும் சந்தையில் வைத்துப் பறிக்கவில்லை. ஆனாலும் பெயர் திரிவது நமக்குப் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர் குடும்பங்களில் ‘கவுண்டர்’ என்பது ‘கோவெண்டர்’ ஆகி இன்றும் அப்படியே இருக்கிறது. இன்று நாம் இருக்கும் நாடுகளில் படிவம் நிரப்பும்போது அப்பாவின் பெயர் நம் குடும்பப் பெயராகிவிடுகிறது. பிறகு எல்லோரும் நம்மை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். தமிழ்ச்செல்வன் ‘டாம்’ ஆகிறார். அது அவராக விரும்பி வைத்துக்கொண்டது என்றால் நல்லது. மற்றவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது என்றால், ஒருமுறை யோசிக்கலாம்.

அலி தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1980 ஜனவரியில் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரும் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில் மெட்ராசில் இருந்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஹாலிவுட்டில் புகழ்பெற்றவர்களின் பெயர்களை நட்சத்திரங்களில் பொறித்து நடைபாதையில் பதிப்பார்கள். 2002இல் அலிக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். நபிகளின் பெயரைத் தாங்கிய தன் பெயரின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் அவருடைய நட்சத்திரத்தை மட்டும் சுவரில் பதித்தார்கள். 2016 ஜூன் 3 அன்று அலி இறந்தார். அந்தப் பெயரை இன்றும் நிமிர்ந்து நின்றுதான் வாசிக்க வேண்டும்.

உங்கள் பெயரை யாராவது தப்பாகச் சொன்னால் மெதுவாகத் திருத்துங்கள். பக்கத்தில் இருப்பவரின் பெயர் உங்கள் வாய்க்குள் நுழையவில்லை என்றால், சரியாக எப்படிச் சொல்வது என்று அவரிடமே கேளுங்கள்.