தீக்குச்சிக்கு எந்தப் பூச்சு?

மரத்தால் ஒரு சிறு பொருளைச் செய்து முடித்ததும், இதன்மேல் எதைப் பூசுவது என்ற கேள்வி எழும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களுக்குக் கடைசல்காரர்கள் அரக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வு வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படிந்துவிடும். மேசைக்கு வார்னிஷ் பூசுகிறோம். இவற்றின் நோக்கம் ஒன்றே. மரம் நெடுநாள் நிலைக்க வேண்டும்.

ஆனால், சில நொடிகளே பயன்படும் மரப்பொருள் ஒன்றும் உண்டு. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களுக்குப் பெயர் தேடித் தந்த தீக்குச்சிதான் அது. அதற்கான பூச்சு மரத்தை முதலில் எரியச் செய்ய வேண்டும். பின்பு அணையவும் செய்ய வேண்டும். இந்த விந்தையான பூச்சின் வரலாற்றைப் பார்ப்போம்.

உரசினால் பற்றும் தீக்குச்சியை 1827இல் இங்கிலாந்து மருந்து வணிகர் ஜான் வாக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1830இல் பிரான்சு நாட்டுச் சார்லஸ் சோரியா குச்சியின் முனையில் வெண்பாஸ்பரத்தைச் சேர்த்தார். அது எளிதில் பற்றியது. ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகிற்று. 1844இல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ், பாஸ்பரத்தைக் குச்சியிலிருந்து நீக்கிப் பெட்டியின் உரசும் பக்கத்துக்கு மாற்றினார். 1850களில் லண்ட்ஸ்ட்ராம் சகோதரர்கள் தீங்கு குறைந்த செம்பாஸ்பரத்தைக் கொண்டு இம்முறையைத் தொழிலாக வளர்த்தனர். ஆயினும் வெண்பாஸ்பரத் தீக்குச்சியைத் தடை செய்ய 1906இல் பெர்ன் நகரில் ஓர் உடன்படிக்கை தேவைப்பட்டது. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது.

முனையில் தோன்றும் நெருப்பு கணநேரமே நிற்கும். அதற்குள் மரம் பற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா? முற்காலத்தில் இதற்காகக் குச்சியை உருக்கிய கந்தகத்தில் தோய்த்தார்கள். கந்தகம் எரிந்தால் மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடு வாயு வெளிப்படும். 1850இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரபின் பெறும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்ப் பெட்ரோலியத்திலிருந்தும் பாரபின் மெழுகு மலிவாகக் கிடைத்தது. நாற்றமின்றி எரியும் இம்மெழுகு கந்தகத்தின் இடத்தைப் பிடித்தது.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். 1923இல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. மழை குறைந்த அந்த மண்ணில் உழவு பலருக்குச் சோறு போடவில்லை. ஆனால் மருந்து காய்வதற்கு வறண்ட காற்று உதவியது. கைத்தொழில் முறையில் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கி, நுனிகளைச் சூடாக்கி, உருகிய மெழுகில் தோய்ப்பார்கள். பிறகு மருந்தில் முக்குவார்கள். சூடான மரத்தில்தான் மெழுகு உள்ளே ஊறும்.

சரி, ஊதி அணைத்த பிறகு? வெறும் மரக்குச்சியில் கரி கங்காகக் கனன்றுகொண்டே இருக்கும். வைக்கோற்போரில் விழுந்தால் அதுவே போதும். இதற்கான விடை நாடகத் திரையிலிருந்து வந்தது. திரைகள் தீப்பற்றாதிருக்க வழி தேடிய பிரெஞ்சு அறிஞர் கே-லுசாக், துணிக்கு அம்மோனியம் பாஸ்பேட் தகும் என்று 1821இல் காட்டினார். இதன் கரைசலில் ஊறவைத்து உலர்த்திய தீக்குச்சியை ஏற்றினால், வெப்பத்தில் பாஸ்பாரிக் அமிலம் உண்டாகும். அது கரியின்மீது படிந்து, கங்கு கனலாமல் தடுக்கிறது. ஆக, உயிரைப் பறித்த பாஸ்பரமே வேறு சேர்மமாகி உயிரைக் காக்கிறது!

மெழுகை நீங்களே காணலாம். ஏற்றாத மரத் தீக்குச்சி ஒன்றை மை கலந்த நீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள். மெழுகு ஊறிய பகுதியில் மை சரியாகப் பிடிக்காது. மற்றப் பகுதி நிறம் ஏறியிருக்கும்.

பளபளப்பைப் பார்த்துப் பூச்சைத் தேர்வு செய்வது நம் வழக்கம். பொருள் எதற்காக, அதைத் தொடுபவர் யார், செய்பவருக்கு அது தீங்கு தருமா என்ற மூன்றையும் முதலில் கேட்க வேண்டும் என்கிறது தீக்குச்சி.