இன்ஆக்யுரேட்

இன்ஆக்யுரேட் என்பது உண்மை மதிப்பிலிருந்தோ உண்மை நிலையிலிருந்தோ விலகியுள்ள ஒன்றைச் சுட்டும் ஆங்கிலப் பெயரடை ஆகும். தமிழில் துல்லியமற்ற, பிழையான என்று பொருள் கொள்ளலாம். அளவீடு, செய்தி, வரைபடம், மொழிபெயர்ப்பு முதலியவற்றைக் குறித்து இச்சொல் வழங்குகின்றது.

சொற்பிறப்பு

கவனத்துடன் செய்யப்பட்டது எனப் பொருள்படும் அக்குராட்டுஸ் என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். அதில் உள்ள குரா என்பது அக்கறையைக் குறிக்கும். இன் என்பது எதிர்மறை முன்னொட்டு. எனினும் இன்றைய வழக்கில் கவனக்குறைவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் தராசு பழுதாயின் எடை துல்லியமற்றதே.

நெருங்கிய சொற்கள்

இன்கரெக்ட் என்பது தவறான விடையைக் குறிக்கும். இன்ஆக்யுரேட் என்பதில் கூடுதல் குறைவு உண்டு.

இம்பிரிசைஸ் என்பது நுணுக்கம் போதாமையைக் குறிக்கும். பை என்னும் மாறிலியை 3.14 எனக் கூறுவது நுணுக்கம் குறைந்தது, ஆயினும் அந்த அளவிற்குச் சரியானது. 3.15926 எனக் கூறுவது நுணுக்கமானது, ஆனால் துல்லியமற்றது. தமிழில் இவ்விரண்டிற்குமே துல்லியமின்மை என்று எழுதிவிடுவதால் பொறியியல் நூல்களில் குழப்பம் நேர்கின்றது.

தஹ்ரான் நிகழ்வு

இவ்வேறுபாட்டை வளைகுடாப் போரில் நடந்த நிகழ்வொன்று நன்கு விளக்கும். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பின் கணினி, நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணியது. 0.1 என்பது இரும எண்முறையில் முடிவுறாத பின்னம். 24 பிட்டுகளில் அதனை வெட்டிச் சேமித்தபோது ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஏறத்தாழ 0.000000095 நொடி குறைந்தது. 100 மணி நேரம் இடைவிடாது இயங்கியபின் எண்ணிக்கை 36 இலட்சத்தைத் தொட, பிழை 0.34 நொடியாகத் திரண்டது. இசுக்கட் ஏவுகணை அந்நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும்.

1991 பெப்ரவரி 25 அன்று ராடார் வானில் தவறான இடத்தில் தேடியது. எதிர் ஏவுகணை ஏவப்படவில்லை. படைமுகாம் தாக்கப்பட்டு 28 அமெரிக்கப் படைவீரர் இறந்தனர்.

அமெரிக்கப் பொதுக் கணக்கு அலுவலகம் 1992 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இக்குறை முன்னரே தெரிந்திருந்தது. மிக நீண்ட நேரம் இயக்கினால் குறி விலகும் என்று பெப்ரவரி 21 அன்று பயனர்களுக்கு அறிவிக்கப்பட்டது. மிக நீண்ட நேரம் என்பது எத்தனை மணி என்று அதில் கூறப்படவில்லை. கடிகாரம் இன்ஆக்யுரேட், எச்சரிக்கையோ இம்பிரிசைஸ். இரண்டாவதே வருந்தத்தக்கது எனலாம், ஏனெனில் கணினியை நிறுத்தி மீளத் தொடங்கியிருந்தாலே கடிகாரம் சுழியத்திற்குத் திரும்பியிருக்கும்.

திருத்திய மென்பொருள் பெப்ரவரி 26 அன்று தஹ்ரானை வந்தடைந்தது.