தொடக்கப் படிமம் காணாத திசைவி: மீட்பு முறைகளின் வரலாறு

ரவுட்டர் எனப் பரவலாக அழைக்கப்படும் திசைவி, ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தரவுப் பொதிகளை அனுப்பிவைக்கும் கணினி ஆகும். அதன் இயங்குதளம் பெரும்பாலும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். இக்கோப்பே தொடக்கப் படிமம். மின்சாரம் வந்ததும் திசைவி இதைத் தேடி எடுத்து இயக்குகிறது. கோப்பு அழிந்திருந்தாலோ, பாதி மட்டும் பதிவாகியிருந்தாலோ, அதன் பெயர் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தாலோ திசைவி பாதி வழியில் நின்றுவிடும்.

இந்நிலையில் ஒரு முரண் எழுகிறது. புதிய படிமத்தை வலையமைப்பு வழியாகக் கொண்டுவருவதே எளிது. ஆனால் வலையமைப்பில் பேசத் தெரிந்த மென்பொருள் காணாமல்போன அந்தப் படிமத்துக்குள்தான் இருக்கிறது. 1969 முதல் இதற்குக் காணப்பட்ட தீர்வுகள் பலவகைப்பட்டாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே: எளிதில் அழியாத ஓரிடத்தில் ஒரு சிறு நிரலை வைத்து, வெளியிலிருந்து உதவி கேட்கும் அளவுக்கு மட்டும் அதற்குக் கற்றுக்கொடுப்பது. அந்த உதவியை யாரிடம் கேட்பது, கிடைத்ததை எப்படி நம்புவது என்ற இரு கேள்விகளே இவ்வரலாற்றை நடத்திச் சென்றுள்ளன.

அண்டை இயந்திரத்திடம் கேட்ட ஐஎம்பி

இன்றைய திசைவிகளின் முன்னோடி, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்புக்காக போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனம் உருவாக்கிய ஐஎம்பி என்னும் இடைமுகச் செய்திச் செயலி ஆகும். ஹனிவெல் டிடிபி-516 கணினியை அடிப்படையாகக் கொண்ட இதன் முதல் இயந்திரம் 1969 ஆகஸ்ட் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தை அடைந்தது.

ஐஎம்பிகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்த ஆய்வு நிலையங்களில் நிறுவப்பட்டன. மென்பொருள் கெடும்போதெல்லாம் பொறியாளர் ஒருவர் காகித நாடாவுடன் விமானம் ஏறிச் செல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே ஒவ்வோர் ஐஎம்பியிலும் ஒரு காவல் கடிகாரம் பொருத்தப்பட்டது. ஓடும் நிரல் அதை அவ்வப்போது மீட்டமைக்க வேண்டும். நிரல் சிதைந்து அது நிகழாவிட்டால், கட்டுப்பாடு 512 சொற்கள் கொண்ட பாதுகாக்கப்பட்ட நினைவகப் பகுதிக்குத் தாவும். அங்கிருந்த சிறு நிரல், தொலைபேசி இணைப்புகளில் ஒன்றைக் குறிப்பின்றித் தேர்ந்து, மறுமுனையில் இருந்த ஐஎம்பியிடம் புதிய நிரலைக் கேட்கும். அண்டை ஐஎம்பி தன்னிடமிருந்த நிரல் முழுவதையும் படியெடுத்து அனுப்பும்.

எல்லா ஐஎம்பிகளிலும் ஒரே நிரல் ஓடியதால்தான் இது இயன்றது. ஓர் இயந்திரத்துக்கே உரிய அடையாள எண் மட்டும் பாதுகாக்கப்பட்ட பகுதியில் தனியே இருந்தது. நினைவகத்தின் அளவு 16 பிட் கொண்ட 12,288 சொற்கள். இணைப்பின் வேகம் விநாடிக்கு 50 கிலோபிட். நினைவகம் முழுவதையும் அனுப்பினாலும் ஏறத்தாழ 4 விநாடிகளே ஆகும். முயற்சி தோற்றால் மீண்டும் மீண்டும் கேட்கப்படும். பல நிமிடங்கள் கழிந்தும் நிரல் உயிர்பெறாவிட்டால் காவல் கடிகாரமே இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்திவிடும். அண்டை இயந்திரம் தந்த நிரல் சரியானதா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. வலையமைப்பு முழுவதும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது.

சில்லுகளும் டிஎஃப்டிபி நெறிமுறையும்

1980களில் திசைவிகள் பல நிறுவனங்களின் தயாரிப்புகளாகச் சந்தைக்கு வந்தன. அண்டையில் இருப்பது அதே வகை இயந்திரம் என்ற உறுதி போயிற்று. 1984இல் தொடங்கப்பட்ட சிஸ்கோ நிறுவனத்தின் தொடக்ககாலத் திசைவிகளில் மென்பொருள் ஈப்ராம் சில்லுகளில் பதிக்கப்பட்டிருந்தது. படிமம் தொலையும் ஆபத்து இதில் குறைவு. ஆனால் புதிய பதிப்பு வேண்டுமானால் பெட்டியைத் திறந்து சில்லுகளையே மாற்ற வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக அமைந்தது வலையமைப்பிலுள்ள வழங்கியிலிருந்து படிமத்தை இறக்கும் முறை. கேரன் சொலின்ஸ் 1981 ஜூனில் ஆர்எஃப்சி 783 ஆவணமாக வெளியிட்ட டிஎஃப்டிபி நெறிமுறை இதற்கு மிகவும் பொருந்தியது. கோப்பு 512 பைட்டுத் துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒப்புகை அனுப்பியபின் அடுத்தது வரும். கடவுச்சொல் கிடையாது, கோப்புகளைப் பட்டியலிடும் வசதியும் கிடையாது. இந்த எளிமையால் அதை மிகச் சிறிய நிலை நினைவகத்தில் அடக்க முடிந்தது. 1984 ஜூனில் ராஸ் ஃபின்லேசன் எழுதிய ஆர்எஃப்சி 906, டிஎஃப்டிபி வழியாகக் கணினியைத் தொடங்கும் முறையை விவரித்தது. கணினி தன் முகவரியையும் கோப்பின் பெயரையும் கேட்டறியும் பூட்பி நெறிமுறை 1985 செப்டம்பரில் வெளியானது.

இந்த எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. படிமத்தின் பெயர் குறிக்கப்படாத பழைய சிஸ்கோ திசைவி, ஒரு பெயரைத் தானே உருவாக்கி, வலையமைப்பில் உள்ள அனைவரையும் நோக்கி அக்கோப்பைக் கேட்கும். பதிலளிப்பவர் யார் என்று சரிபார்க்கும் வழி அந்நெறிமுறையில் இல்லை.

ஃபிளாஷ் நினைவகம் தந்த வசதியும் ஆபத்தும்

தோஷிபா நிறுவனத்தின் ஃபூஜியோ மசுஓகா 1984இல் அறிமுகப்படுத்திய ஃபிளாஷ் நினைவகம் நிலைமையை மாற்றியது. மின்சாரம் நின்றாலும் அதிலுள்ள தரவு அழியாது. பெட்டியைத் திறக்காமலேயே புதிய மென்பொருளைப் பதியலாம். ஆனால் ஃபிளாஷில் புதியதை எழுதுமுன் பழையதைத் தொகுதியாக அழிக்க வேண்டும். இரண்டு படிமங்களுக்கு இடமில்லாத திசைவியில், பழையது அழிந்து புதியது முழுமையடையும் வரையிலான சில நிமிடங்கள் ஆபத்தானவை. அந்நேரத்தில் மின்தடை ஏற்பட்டாலோ இணைப்பு அறுந்தாலோ தொடங்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

1990களில் பெருமளவில் பயன்பட்ட சிஸ்கோ 2500 வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்திசைவி ஐஓஎஸ் எனப்படும் தன் இயங்குதளத்தை ஃபிளாஷிலிருந்தே நேரடியாக இயக்கியது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தானே அழிக்க இயலாதாகையால், மேம்படுத்தும்போது நிலை நினைவகத்தில் இருந்த ஒரு சுருக்கமான ஐஓஎஸ் பதிப்புக்கு மாற வேண்டியிருந்தது. இச்சுருக்கப் பதிப்புக்குப் பொதிகளைத் திசைவிக்கத் தெரியாது. சாதாரணக் கணினி போல ஓர் இயல்பு நுழைவாயிலின் துணையோடு டிஎஃப்டிபி வழங்கியை அணுக மட்டும் தெரியும். மேம்படுத்தல் பாதியில் நின்றால் மீட்பு வேலைக்கும் அதுவே கைகொடுத்தது.

ரோம்மான் வழி மீட்பு

2600 வரிசை போன்ற பின்வந்த திசைவிகளில் அந்தச் சுருக்கப் பதிப்பின் இடத்தை ரோம்மான் எனப்படும் நிலை நினைவகக் கண்காணிப்பு நிரல் எடுத்துக்கொண்டது. படிமத்தை ஏற்ற முடியவில்லை என்ற செய்திக்குப் பின் திரையில் இதன் கட்டளைக் குறி தோன்றும். அப்போது கன்சோல் போர்ட்டில் வடம் இணைத்த கணினி வழியாகவே திசைவியுடன் பேச முடியும்.

கட்டளைக் குறி தோன்றியதாலேயே படிமம் அழிந்துவிட்டது எனக் கொள்ளக் கூடாது. தொடக்கம் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பதிவேடு என்னும் 16 பிட் எண் தீர்மானிக்கிறது. அதன் வழக்கமான மதிப்பு பதினாறடிமான முறையில் 2102. கடைசி இலக்கம் 0 ஆக இருந்தால், படிமம் நலமாக இருந்தாலும் திசைவி ரோம்மானிலேயே நிற்கும். ஆகவே முதலில் பதிவேட்டைப் பார்ப்பதும், அடுத்து ஃபிளாஷில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடுவதும் முறை. கோப்பு இருந்து, பெயர் மட்டும் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தால், சரியான பெயரைத் தந்து உடனே தொடங்கலாம்.

கோப்பு உண்மையிலேயே இல்லாதபோது, திசைவியின் முகவரி, வலை மறைப்பு, இயல்பு நுழைவாயில், வழங்கியின் முகவரி, கோப்பின் பெயர் ஆகிய ஐந்தையும் கைப்பட உள்ளிட்டு டிஎஃப்டிபி பதிவிறக்கக் கட்டளை இடப்படும். இக்கட்டளை ஃபிளாஷில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டே எழுதும். அதற்கு முன் எச்சரித்து ஒப்புதல் கேட்கும். ஃபிளாஷைத் தொடாமல் முதன்மை நினைவகத்தில் மட்டும் ஏற்றிப் பார்க்கும் தெரிவும் உண்டு. திசைவியின் கட்டமைப்பு அமைப்புகள் வேறொரு நினைவகத்தில் இருப்பதால் படிமம் அழிந்தாலும் அவை அழிவதில்லை. படிமம் மீண்டதும் திசைவி தன் பழைய பணியைத் தொடர்வது இதனால்தான்.

டிஎஃப்டிபி தன் துண்டுகளை 16 பிட் எண்ணால் எண்ணுகிறது. 65,535 துண்டுகளுக்கு மேல் எண்ணிக்கை செல்லாததால், 512 பைட்டு அளவில் ஏறத்தாழ 32 மெகாபைட்டே எல்லை. படிமங்கள் பெருத்தபோது பழைய தொடக்க நிரல்கள் சில இந்த எல்லையில் முட்டி நின்றன. துண்டின் அளவைப் பெரிதாக்கும் தெரிவு 1990களில் சேர்க்கப்பட்டது.

கடைசி வழி: எக்ஸ்மோடம்

வலையமைப்பு இணைப்பு எதுவும் இல்லாத இடத்தில் கன்சோல் வடம் ஒன்றே மிஞ்சும். அதன் வழியே கோப்பை அனுப்ப, வார்டு கிறிஸ்டென்சன் 1977இல் உருவாக்கிய எக்ஸ்மோடம் நெறிமுறை பயன்பட்டது. கோப்பு 128 பைட்டுத் துண்டுகளாகச் செல்லும்.

இதன் தடை வேகமே. விநாடிக்கு 9,600 பிட் என்ற வழக்கமான வேகத்தில், தொடக்க, முடிவுப் பிட்டுகளையும் கணக்கிட்டால், விநாடிக்கு 960 பைட்டு மட்டுமே செல்லும். 8 மெகாபைட்டுப் படிமத்துக்கு 65,536 துண்டுகள். குறைந்தது 2 மணி 25 நிமிடம். இடையில் வடம் அசைந்து தொடர்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரோம்மானில் வேகத்தை 1,15,200 பிட்டாக உயர்த்தினால் இதே வேலை 12 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக முடியும். மீட்புக்குப் பின் வேகத்தைப் பழையபடி மாற்ற மறந்தால், அடுத்து வரும் பணியாளரின் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும்.

வீட்டுத் திசைவிகள்

2002 டிசம்பரில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி திசைவியில் லினக்ஸ் ஓடியது. பொது உரிமத்தின்படி அதன் மூலநிரல் 2003இல் வெளியிடப்பட, அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் பிறந்தது. பயனர்கள் தாங்களே படிமங்களை மாற்றத் தொடங்கியதும், முயற்சி தோற்று அசையாமல் கிடக்கும் திசைவிகளும் பெருகின. அவற்றைச் 'செங்கல்' என்று அழைக்கும் வழக்கு பரவியது.

இவ்வகைத் திசைவிகளின் தொடக்க நிரலில் சில விநாடிகள் காத்திருக்கும் ஓர் அமைப்பு உண்டு. அந்த இடைவெளிக்குள் கணினியிலிருந்து டிஎஃப்டிபி வழியே படிமத்தைத் தள்ளினால் திசைவி அதை ஏற்றுக்கொள்ளும். இங்கே கேட்பது திசைவி அல்ல. வெளியே இருப்பவர் தருவதை அது வாங்கிக்கொள்கிறது. இரண்டு படிமங்களை வைத்து, ஒன்று கெட்டால் மற்றொன்றில் தொடங்கும் முறை இன்று பல கருவிகளில் உள்ளது.

மீட்பு வழியும் நம்பிக்கையும்

வெளியிலிருந்து படிமத்தை ஏற்கும் வழி, கெடுநோக்கம் கொண்டோருக்கும் திறந்திருக்கும். 2015 ஆகஸ்ட்டில் சிஸ்கோ, முறையான நிருவாகக் கடவுச்சொற்களைப் பெற்ற தாக்குநர்கள் ரோம்மானையே மாற்றிவிடுவதாக எச்சரித்தது. அடுத்த மாதம் மேண்டியன்ட் நிறுவனம், திருத்தப்பட்ட ஐஓஎஸ் படிமம் ஓடிய 14 திசைவிகளைக் கண்டறிந்ததாக வெளியிட்டது. அவை உக்ரைன், பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, இந்தியா ஆகிய நாடுகளில் இருந்தன. அவை நின்றுபோன திசைவிகள் அல்ல. வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்ததால் ஐயம் எழ வழியில்லாதவை.

இன்றைய திசைவிகள் பலவற்றில் பாதுகாப்பான தொடக்கம் என்ற முறை உள்ளது. மாற்ற முடியாத ஒரு வன்பொருள் பகுதி தொடக்க நிரலின் எண்முறைக் கையொப்பத்தைச் சரிபார்க்க, தொடக்க நிரல் இயங்குதளத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். சிஸ்கோவின் இத்தகைய அமைப்பிலும் ஒரு குறையை ரெட் பலூன் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் 2019 மே மாதம் வெளிப்படுத்தினர்.

ஆகவே இன்றைய மீட்புப் பணி, திசைவி மீண்டும் இயங்குவதோடு முடிவதில்லை. படிமத்தைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெறுதல், அவர் வெளியிட்ட சரிபார்ப்பு மதிப்புடன் அதை ஒப்பிடுதல், பதிவேட்டை 2102க்குத் திருப்புதல், சரிபார்த்த படிமத்தின் ஒரு படியைத் தனியே வைத்திருத்தல் ஆகியவையும் அதில் அடங்கும். 1969இல் ஐஎம்பி எந்த இணைப்பில் வேண்டுமானாலும் கேட்டது. அந்த இணைப்புகளின் மறுமுனையில் இருந்தவை அனைத்தும் அதன் இனத்தவை. இன்றைய திசைவி யாரிடம் கேட்கிறது என்பதை, அதை மீட்பவரே உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.